எட்டாவது கை

மாலை நாலு பத்துக்கு மகள் பள்ளிவிட்டு வந்தபோது ஓவியம் அநேகமாக முடிந்திருந்தது. அசுரனை மிதித்து நிற்கும் தேவிக்கு எட்டுக் கைகள். ஏழு கைகளில் ஆயுதங்களுக்குப் பதிலாகக் கரண்டி, கத்தரிக்கோல், சாவிக்கொத்து என்று வீட்டுச் சாமான்களை வரைந்திருந்தாள் அம்மா. எட்டாவதற்கு எதுவும் தோன்றாமல் விரித்தபடி விட்டிருந்தாள்.

“சாமிக்கே சாமான் பஞ்சமாம்மா?”

“வாயாடி! பேசாம உன்னைத் தூக்கிக் குடுத்துடறேன்” என்று சிரித்துவிட்டு, அம்மா தூரிகைகளைக் கழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது அந்தக் கை மூடியிருந்தது. தொட்டுப் பார்த்தாள். வண்ணம் காய்ந்திருந்தது. புத்தகப்பை தரையில் கிடந்தது. வாசல் கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது. மகளைக் கூப்பிட்டாள்.

ஓவியத்தின் பின்னால், வெறும் சுவர் இருந்த பக்கத்திலிருந்து, குரல் வந்தது.

“அம்மா, வலிக்குது. விடச் சொல்லும்மா.”