ஏழாம் நம்பர் ஆடு

"ஆட்டுக்கு ஸ்கேனா? யோவ், எங்கப்பா இங்க கையும் காலும் இழுத்துக்கிட்டுக் கெடக்கறாரு!"

அன்பரசு போட்ட சத்தத்தில் கடலூரின் அந்தச் சின்ன ஸ்கேன் சென்டரே அதிர்ந்தது.

அவன் என்ன செய்வான்? காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்த அப்பா சுப்பராயலுவுக்கு வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. "மூளையில அடைப்பு மாதிரி தெரியுது. நாலு மணி நேரத்துக்குள்ள மருந்து போட்டாத்தான் உண்டு. உடனே ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்று விரட்டினார் நர்சிங் ஹோம் டாக்டர். அதில் ரெண்டு மணி நேரம் ஏற்கெனவே போச்சு. போன ரெண்டு இடத்திலும் பூட்டு.

இங்கே, பாதி சாத்திய கேட்டைத் தள்ளிக்கொண்டு ஸ்ட்ரெச்சரோடு நுழைந்தால், மெஷினுக்குள் ஒரு செம்மறியாடு! வாயில் குழாயோடு, மகராஜா மாதிரி தூங்கிக்கொண்டிருக்கிறது. காதில் ஏழு என்று நம்பர் வேறு.

"பிரியாணிக்குப் போற ஆட்டுக்கு என்னய்யா மூளைக் கோளாறு?"

"ஆராய்ச்சிங்கண்ணே..." என்று இழுத்தான் டெக்னீசியன் கதிர்வேல்.

"மனுஷன் அப்பறம், ஆடு மொதல்லயா? நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!"

உள்ளேயிருந்து ஆராய்ச்சி டாக்டர் சிந்துஜா வந்தாள். சுப்பராயலுவின் முகத்தை ஒரே ஒரு பார்வை பார்த்தாள்.

"கதிர்வேல், ஆட்டை எறக்குங்க."

"மேடம், மருந்து குடுத்த மூணாவது மணி நேரத்துப் படம் இது. இப்ப விட்டா ரெண்டு மாச வேலையும் மொதல்லேர்ந்து..."

"எறக்குங்க."

ஆடு இறங்கியது. மேசையைத் துடைத்துப் புது விரிப்பு போட்டார்கள். சுப்பராயலுவின் வெள்ளி அரைஞாணைக் கழற்றி அன்பரசுவிடம் கொடுத்தார்கள்.

"ஆடு படுத்த எடத்துல எங்கப்பாவைப் போடறாங்க பாரு" என்று முணுமுணுத்தபடியே அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். 'வீரனாரப்பா, அவரைக் காப்பாத்திக் குடு. உனக்குக் கிடா வெட்டறேன்.'

கொஞ்ச நேரத்தில் சிந்துஜா கூப்பிட்டாள். திரையில் ரெண்டு படங்கள். தண்ணி வடிந்த கெடிலம் ஆத்து மணல் மாதிரி, மடிப்புக்கு மேல் மடிப்பு.

அன்பரசு பெரிய படத்துக்குக் கிட்டே போனான். தன்னைத் தோளில் தூக்கித் திரிந்த மனுஷனின் நினைப்பெல்லாம் இந்த மடிப்புக்குள்தானே இருக்கும்! தன்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டான்.

"இதானே டாக்டரம்மா, எங்கப்பா?"

"அது ஆடுங்க. பெருசு பண்ணி வெச்சிருக்கேன். நெசத்துல சாத்துக்குடி அளவுதான்."

கும்பிட்ட கை அப்படியே நின்றது.

"எலிக்கு மூளை வழவழன்னு இருக்கும். ஆட்டுக்கு நம்மள மாதிரியே மடிப்பு. அதனாலதான் அடைப்பைக் கரைக்கப் புது மருந்து ஏதாவது வந்தா, இதுக்குக் குடுத்துப் பாக்கறோம். உங்கப்பாவுக்கு அடைப்பு இதோ, இங்க இருக்கு. டாக்டர்கிட்ட போன்ல சொல்லிட்டேன். இன்னும் நேரம் இருக்கு, ஓடுங்க!"

வெளியே ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, கதிர்வேல் கேட்டை மறுபடி பாதி சாத்தினான். அதில் தொங்கிய பலகை அப்போதுதான் அன்பரசுவின் கண்ணில் பட்டது. 'ஞாயிறு விடுமுறை.'

"இன்னிக்கி லீவா தம்பி?"

"ஞாயித்துக்கெழம நாங்க பேஷண்ட் பாக்கறதில்லண்ணே. ஆட்டுக்காக மட்டுந்தான் தொறப்போம்."

சாயங்காலம் சுப்பராயலுவின் வலது கை விரல் மெல்ல அசைந்தது. அன்பரசுவின் மனைவி அமிர்தம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வீரனார் காப்பாத்திட்டாருங்க. கிடா என்னைக்கு வெட்டலாம்?"

அன்பரசு அரைஞாணை அப்பாவின் இடுப்பில் கட்டிக்கொண்டே சொன்னான்:

"வெட்ட வேணாம் புள்ள. ஆடு குடுக்க வேண்டியத காலையிலயே குடுத்துடுச்சி."