பேஸில் எர்லீன்

டெட்ராய்டில் 1973-இல் ஐந்நூறு பிரதிகள் மட்டும் வெளிவந்து மறக்கப்பட்ட ஒரு ஜாஸ் கச்சேரியின் இசைத்தட்டை மறுபதிப்புச் செய்தேன். கச்சேரியின் முடிவில், வழக்கப்படி, பியானோ வாசித்த மோய் தன் குழுவினரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். அன்று பேஸ் கிதார் வாசித்த எர்லீனை மட்டும் மறந்துவிட்டார். அடுத்த வருடமே இறந்தும் போனார்.

மூல ஒலிநாடாவைக் கேட்க எர்லீன் வந்தார். வயது எண்பத்தொன்று. எனக்காக பீச் பழக் கேக் சுட்டு எடுத்து வந்திருந்தார்.

"அந்தக் கடைசிய மட்டும் போடாத கண்ணு. அம்பது வருஷ வயித்தெரிச்சல் அது."

நான் நிறுத்துவதற்குள் மோயின் குரல் வந்துவிட்டது. "டிரம்ஸ்ல லூதர். சாக்ஸபோன்ல கர்ட்டிஸ். பேஸ்ல நம்ம எர்லீன். அவ இல்லேன்னா நாங்க எல்லாரும் எப்பவோ தாளம் தப்பியிருப்போம்."

காலையில் நான் கேட்டபோது நாடாவில் எர்லீன் பெயர் இல்லை.

எர்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்பீக்கரைப் பார்த்தார். "இதச் சொல்ல உனக்கு இவ்ளோ நாளாடா? ரொம்ப தேங்க்ஸ். போ, நல்லா இரு."

நாடாவில் மோய் சிரித்தார்.

மறுபதிப்பின் எல்லாப் பிரதிகளிலும் அந்தச் சிரிப்பு இருக்கிறது. அதற்கு முன்னால், எர்லீன் பேசி முடிக்கும்வரை மோய் காத்திருந்த ஏழு நொடி அமைதியும் இருக்கிறது.