கதவு தள்ள ஒரு துணை

மேலே மியூரியல் சிரிக்கும் சத்தம் கேட்டது. கூடவே ஓர் ஆணின் சிரிப்பும்.

டெஸ்மண்டால் எதையும் பார்க்க முடியவில்லை. கால்வாயில் படகுகளை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டியான லாக்கிலிருந்து தண்ணீர் வடிய வடிய, அவர் நின்றிருந்த நீளப் படகும் கூடவே இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் பாசி பிடித்த ஈரச் சுவர். தலைக்கு மேலே ஒரு துண்டு வானம்.

"யாரு மியூ அது?"

"பேரு லெஸ்டர்! கதவு தள்ள ஒத்தாசை பண்றாரு!"

கால்வாயின் ஹாட்டன் பகுதியில் மொத்தம் இருபத்தொரு லாக். ஒவ்வொன்றிலும் கரையில் இறங்கி, மதகைத் திருகித் திறந்து, அந்த ராட்சசக் கதவை முதுகு கொடுத்துத் தள்ளுவது மியூரியலின் வேலை. அவளுடைய அத்தை விட்டுப்போன சொத்தில், அவள் பேரில் வாங்கிய படகுதான். ஆனாலும் சுக்கான் பிடிப்பது மூளை வேலை என்று ஒன்பது வருடத்துக்கு முன்பே டெஸ்மண்ட் சொல்லிவிட்டார்.

அடுத்த லாக்கிலும் அதே சிரிப்பு. சுவர் விளிம்பில் ஒரு வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது.

"சார், எஞ்சின் ரொம்பப் பழசோ? சத்தம் ஒரு மாதிரி வருதே?"

டெஸ்மண்டுக்குச் சுருக்கென்றது. பெண்டாட்டியை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது?

"பழசா? இன்னும் முப்பது வருஷம் ஓடும்யா! அடித்தகடு போன மாசந்தான் பாத்தேன், ஒரு பொத்தல் கிடையாது. பனி கொட்டுறப்போ அடுப்பைப் பத்த வெச்சா, உள்ள சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு உக்காரலாம்!"

"அப்படியா!" தலை மறைந்தது.

பதினாலாவது லாக்கில் லெஸ்டர் மியூரியலின் கையைக் குலுக்கிவிட்டு, சைக்கிளில் ஏறிப் போனார். டெஸ்மண்டின் நெஞ்சில் குறுகுறுத்த பொறாமையும் அவரோடு போனது.

அதற்குப் பிறகு மியூரியல் கதவுகளைத் தள்ளிய வேகமே தனி. வழக்கமாகப் பாதி வழியிலேயே தோள்வலி மாத்திரையைத் தேடுகிறவள், இன்று ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். வாத்துகளோடு பேசினாள்.

'ஒருவழியா இவளுக்கும் கால்வாய் பிடிச்சுப்போச்சு!' டெஸ்மண்டுக்கு மனசு நிறைந்துவிட்டது. ரிட்டயர் ஆனதிலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்துவந்த பேச்சுக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்காது.

கடைசி லாக்கையும் தாண்டி, படகைக் கரையில் கட்டினார்கள். டெஸ்மண்டே தேநீர் போட்டார், என்றைக்கும் இல்லாத அதிசயமாக. சீஸ் சாண்ட்விச்சை வெட்டி, பெரிய துண்டை அவளிடம் நீட்டினார்.

"மியூ, நம்ம வீட்டை வித்துடலாம். மிச்ச காலம் பூரா படகுலயே இருந்துடலாம். நீயும் நானும், தினம் இதே மாதிரி." அவர் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "இன்னைக்கு உன் முகத்தைப் பாத்தப்புறந்தான் கேக்கவே தைரியம் வந்துச்சு."

மியூரியல் கோப்பையைக் கீழே வைத்தாள். அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். நிஜமாகவே பாவமாக இருந்தது அவளுக்கு.

"டெஸ், படகை லெஸ்டருக்கு விக்கப் பேசி முடிச்சாச்சு... யோசிச்சுக்கிட்டே இருந்த மனுஷன், நீ சொன்னதைக் கேட்டுத்தான் சரின்னாரு!"