ஆறு மணிக் காய்ச்சல்

"நான் பாத்துக்கறேன்க்கா, நீங்க போய்க் குளிச்சிட்டு வாங்க" என்று ஜெசிந்தா சிஸ்டர் சொன்னதை நம்பித்தான், ஐந்து நாளில் முதல்முறையாகப் பவளக்கொடி கணவனின் கட்டிலை விட்டு நகர்ந்தாள். திரும்பி வந்தபோது வார்டு கடிகாரத்தில் மணி நான்கு. அவன் உடம்பு அனலாய்க் கொதித்தது. நெற்றியில் அவள் போட்டுவிட்டுப் போன ஈரத்துணி காய்ந்து விறைத்திருந்தது. கட்டிலில் தொங்கிய காய்ச்சல் அட்டையில் இரண்டு மணிக்கு 98.6. இன்னும் வராத ஆறு மணிக்கும் 98.6. நாளைக் காலைக்கும் அதேதான், அதே குண்டு குண்டான கையெழுத்தில்.

"நார்மல்தான்க்கா, எழுதியிருக்கேன்ல?" என்றபடி வந்தாள் சிஸ்டர்.

பவளக்கொடி அவள் கையைப் பிடித்திழுத்துக் கணவனின் நெற்றியில் வைத்து அழுத்தினாள்.

சிஸ்டர் மறு கையால் பேனாவைத் தேடினாள்.