பொம்மைக்கு விழுந்த அடி

பிள்ளையைத் தொடைமேல் குப்புறப் போட்டு, தலை தொங்கத் தொங்க, முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டிருந்தாள் அவள். ஒவ்வோர் அடிக்கும் "துப்பு, துப்பு" என்று ஓர் அதட்டல் வேறு.

அடித்தவளுக்கு வயது இரண்டரை. அடி வாங்கியது தம்பிப் பாப்பா என்று பெயர் வைத்த பிளாஸ்டிக் பொம்மை. எட்டாவது அடியில் அதன் தலை கழன்று கட்டிலுக்கு அடியில் உருண்டது.

நிறைமாதக்காரியான அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். இன்னும் மூன்று வாரத்தில் இதே கட்டிலில் உயிருள்ள பாப்பா ஒன்று கிடக்கும். அதன் கழுத்து பொம்மைக் கழுத்தைவிட மெலிசு.

பொம்மை யோசனை ஆஸ்பத்திரி நர்சம்மா சொன்னது. குளிப்பாட்டச் சொல்லுங்கள், பால் புகட்டச் சொல்லுங்கள், தட்டித் தூங்கவைக்கச் சொல்லுங்கள். விளையாட்டாகவே பழகிவிட்டால் பிறக்கப்போகும் பிள்ளைமேல் பொறாமை வராது என்றாள். மகளும் இரண்டு வாரம் பால் புகட்டினாள், கொசு அண்டாமல் விசிறினாள், தாலாட்டுகூடப் பாடினாள். என்ன பேய் பிடித்ததோ, செவ்வாய்க்கிழமையிலிருந்து இந்த அடி.

இன்று வெள்ளி. கடையிலிருந்து வந்த அப்பாவிடம் அம்மா அழுதபடி சொன்னாள், பேசாமல் இவளை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடலாம், பிறக்கிற பிள்ளையாவது பிழைத்துக் கிடக்கட்டும் என்று.

அப்பா சலூன் வைத்திருப்பவர். நாற்காலியில் ஏற மறுத்து ஊரைக் கூட்டும் பிள்ளைகளுக்காகவே கடையில் ஒரு ஜாடி, அது நிறையப் பச்சைக்கோடு போட்ட உருண்டை மிட்டாய். சொந்த மகளுக்கும் அதே வைத்தியம்தான். தினமும் காலையில் குழந்தைகள் காப்பக வாசலில் அவள் அழ வாயெடுத்தால், மிட்டாய் என்றாலே சீறும் மனைவிக்குத் தெரியாமல் ஒன்றை மகளின் கன்னத்தில் அடக்கிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிவிடுவார். கடையில் அவ்வளவு பொறுமைசாலிக்கு வீட்டில் மட்டும் கோபம் மூக்குக்கு மேலே.

"அடிக்கிறது எப்படி இருக்கும்னு உனக்கும் தெரியட்டும்" என்று மகளை இழுத்துத் தொடையில் கவிழ்த்தார். கவுன் தோள்வரை மேலேறியது. ஓங்கிய கை அப்படியே நின்றது.

இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் கன்றிப்போய்க் கிடந்தது ஒரு கைத்தடம். குனிய முடியாத அம்மா இந்த வாரம் முழுக்க உட்கார்ந்தபடி மகளை முன்பக்கமாகவே துடைத்துவிட்டிருந்தாள். முதுகை அவள் பார்க்கவே இல்லை.

"யாரும்மா அடிச்சா?"

"அக்கா" என்றாள் குழந்தை, யோசிக்காமல்.

அக்கா என்று அவள் சொல்வது காப்பகத்தில் பார்த்துக்கொள்ளும் பெண்ணை மட்டும்தான்.

அதற்குமேல் எதுவும் கேட்காமல் அப்பா ஸ்கூட்டரைக் கிளப்பினார். மகளை இடுப்பில் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க அம்மாவும் பின்னாலேயே ஸ்கூட்டரில் ஏறினாள்.

காப்பகத்தில் கடைசி இரண்டு குழந்தைகள் மட்டும் பாக்கி. பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து "வாங்கண்ணே" என்று சொல்லி முடிப்பதற்குள் கன்னத்தில் இறங்கியது ஓர் அறை. பொம்மை அலமாரியில் போய் மோதி விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் சொட்டியது.

அப்பா விடவில்லை. முடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி, சுவரில் ஒரு மோது மோதினார். வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது என்று கத்தினார். குழந்தைகள் அலறின. அம்மாவாவது தடுத்திருக்கலாம், வயிற்றெரிச்சல் யாரை விட்டது? இன்னும் எத்தனை பிள்ளைகளை இப்படி அடித்தாள் என்று கேளுங்கள் என்று அவளும் எண்ணெய் ஊற்றினாள்.

அப்பாவின் சட்டைப்பையிலிருந்து சவரக்கத்தி வெளியே வந்தது. கடையில் மடக்கிப் போட்டுக்கொண்டு வந்தது, இப்போது விரிந்தது.

"எந்தக் கையால அடிச்ச? நீட்டு அத."

குழந்தை "அக்கா, அக்கா" என்று அம்மாவின் இடுப்பிலிருந்து அந்தப் பெண்ணிடம் தாவப் பார்த்தது. பயந்த பிள்ளை தாவுமா என்று நினைத்துப் பார்க்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை.

அந்தப் பெண் வலது கையைத் தன் மேலங்கிப் பையில் விட்டாள். பிறகு நீட்டினாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

பிரித்தாள். உள்ளே நான்கு உருண்டை மிட்டாய். எல்லாம் எச்சில்பட்டுக் கரைந்தவை, எல்லாவற்றிலும் பச்சைக்கோடு.

அம்மா மிட்டாயைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகத் திரும்பித் தன் கணவனைப் பார்த்தாள்.

காலையில் தனியாகச் சொல்லலாம் என்றால் அண்ணன் நிற்பதே இல்லை, சாயங்காலம் வருவது மாசமாக இருக்கும் அண்ணி, கேட்டுப் பதறிவிட்டால் என்னாவது என்றுதான் வாயைத் திறக்கவில்லை என்றாள் அந்தப் பெண், ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தபடி. சொல்லிக்கொண்டே மூன்று மிட்டாயை ஓர் ஓரமாக ஒதுக்கினாள்.

"புதன், வியாழன், இன்னிக்கு. இது மூணும் வாசல்லயே துப்ப வெச்சது."

மிஞ்சிய ஒன்றை எடுத்து, கத்தி பிடிக்காத அவருடைய இடது கையில் வைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை இது தொண்டையில அடச்சிக்கிச்சு, அண்ணே."