பொம்மையின் பேன்ட்

"என்னங்க, இது நம்ம பொம்மையோட பேன்ட்" என்றாள் தையல்காரரின் மனைவி, உதடு அசையாமல்.

தையல்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். எதிரே ஒல்லியாக ஒருவன் நின்றான். பையிலிருந்து அவன் எடுத்து மேஜைமேல் வைத்த சாம்பல் நிற பேன்ட், சந்தேகமே இல்லை, அதேதான்.

நாலு நாளைக்கு முன்பு வரை அது கடை வாசலில் நிற்கும் பொம்மையின் இடுப்பில் இருந்தது. மத்தியானம் இருவரும் உள்ளே சாப்பிட்டு வருவதற்குள் யாரோ உருவிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து பொம்மை மேலே கோட்டும் டையுமாக, கீழே ஒரு பழைய போர்வையோடு நிற்கிறது.

"குளிக்கப் போகுதா?" என்று தெருவில் கேட்காத ஆள் இல்லை. பார்த்துப் பார்த்துத் தைத்தவள் மனைவி. அவளுக்கு மானமே போய்விட்டது. "கையில கிடைக்கட்டும், அவன் தோலை உரிச்சு பொம்மைக்குப் போர்த்தறேன்" என்று தினமும் பல் தேய்ப்பதைப் போலத் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அளவு கொஞ்சம் பெருசா இருக்குண்ணே" என்றான் வந்தவன். பொம்மை நின்ற பக்கம் மட்டும் அவன் திரும்பவே இல்லை.

"எங்க தைச்சது?" என்று கேட்டாள் மனைவி.

"இங்கதாங்கக்கா. உள்ளே எழுதியிருக்கே."

எழுதித்தான் இருந்தது. இடுப்புப் பட்டியின் உட்புறம், கடை முகவரிக்குக் கீழே: 'அளவு சரியில்லையா? ஒரு வருடம் வரை இலவசமாகத் திருத்தித் தருவோம்.' வியாபாரம் பெருகட்டும் என்று அவளே யோசனை சொல்லி அச்சடித்த துணித்துண்டு அது. சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான்.

"அவசரமா?" தையல்காரர் டேப்பை எடுத்தார்.

"நாளைக்கு இன்டர்வியூண்ணே. எட்டு மாசத்துல இப்பத்தான் முதல் தடவையா கூப்பிட்டிருக்காங்க. இருக்கிற ஒரே பேன்ட்டும் முட்டியில கிழிஞ்சுபோச்சு."

"என்ன வேலை?"

"பேங்க்ல வாட்ச்மேன்."

மனைவிக்கு ஊசி விரலில் ஏறிவிட்டது.

தையல்காரர் அசரவில்லை. பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லி இடுப்பைப் பிடித்துப் பார்த்தார். உள்ளே இன்னொருவனும் நுழையலாம் போலிருந்தது. எத்தனையோ உடம்புக்கு அளவெடுத்தவர் அவர். சாப்பாடு பார்க்காத உடம்பு எது என்று டேப்பே சொல்லிவிடும். அவருக்கு மனசு கனத்துவிட்டது.

"சாயங்காலம் வாங்க" என்று அனுப்பி வைத்தார்.

அவன் படி இறங்குவதற்குள் மனைவி போனை எடுத்துவிட்டாள்.

"போலீஸுக்குச் சொல்றேன். சாயங்காலம் வருவானில்ல, மாட்டட்டும்."

"சொல்லு. பொம்மைக்கு பேன்ட் வந்துடும்."

"ஆமா, வரும்."

"அவனுக்கு?"

"அவனுக்கென்ன? செஞ்சதுக்கு அனுபவிக்கட்டும். திருடனுக்கு அளவெடுத்துத் தைச்சுத் தர்ற ஆள் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். அதுவும் பேங்க் வாட்ச்மேனாம். பூனையைப் பாலுக்குக் காவல் வெச்ச கதை."

"பசிச்ச பூனைடி. வயிறு நிறைஞ்சா அது ஏன் திருடப்போகுது?" தையல்காரர் பேன்ட்டைப் புரட்டிப் போட்டார். "அவன் பண்ணினது தப்புதான், இல்லேங்கலை. நாளைக்கு ஒழுங்கா பிழைக்கலாம்னு கிளம்பறான். அன்னிக்குப் பார்த்து நாம குறுக்கே நிக்கணுமா?"

மனைவி மேஜை அதிர போனை வைத்தாள்.

"தைச்சுத் தொலைக்கறேன். ஆனா அவன்மேல இருக்கற ஆத்திரம் இந்த ஜென்மத்துல எனக்குப் போகாது."

"இடுப்புல மூணு அங்குலம் பிடிச்சிடு. மிச்சத் துணியை வெட்டிடு, இல்லேன்னா பின்னாடி புடைச்சுக்கிட்டு நிக்கும்."

"வெட்டறேன். நாசமாப் போகணும்னு சொல்லிக்கிட்டே வெட்டறேன்."

அன்று மிஷின் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சாயங்காலம் அவன் வந்து வாங்கிக்கொண்டபோது அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஐந்து மாதம் ஓடிவிட்டது. பொம்மைக்குப் புது பேன்ட் வந்தது. கூடவே இடுப்பைச் சுற்றி ஒரு சங்கிலியும் பூட்டும்.

ஒரு நாள் காலையில், தொப்பியும் சீருடையுமாக ஒரு வாட்ச்மேன் கடைக்குள் நுழைந்தான். கன்னத்தில் சதை இருந்ததால் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. பையிலிருந்து சாம்பல் நிற பேன்ட்டை எடுத்ததும் தெரிந்துவிட்டது.

"இப்ப இது இடுப்புல ஏற மாட்டேங்குதுண்ணே. தங்கச்சி கல்யாணத்துக்குப் போடணும். இன்னும் ஒரு வருஷம் ஆகலையே."

பிறகு பொம்மையைத் திரும்பி நேராகப் பார்த்தான். "அப்புறம்... ஒரு விஷயம் சொல்லணும். இந்த பேன்ட் வந்து..."

"தெரியும் தம்பி. உள்ளே எழுதியிருக்கே" என்றார் தையல்காரர்.

அவன் கண் கலங்கிவிட்டது. தையல்காரருக்கோ வேறு கவலை.

"ஆனா இடுப்பைப் பெருசாக்க முடியாதேப்பா. மிச்சத் துணியை அன்னிக்கே வெட்டியாச்சு."

சொன்னாரே தவிர, வந்தவனை வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாமல் பின்பக்கத் தையலைப் பிரித்துப் பார்த்தார்.

உள்ளே மூன்று அங்குலத் துணியும் அப்படியே இருந்தது. புடைக்காதபடி மடித்து, இஸ்திரி போட்டு, ஓரமெல்லாம் கையாலேயே பொடித் தையல் போட்டு வைத்திருந்தது.

தையல்காரர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"என்ன பார்க்கறீங்க?" அவள் தலை நிமிராமல் ஊசியில் நூல் கோத்தாள். "வேலை கிடைச்சா உடம்பு வைக்காதா அந்தப் பாவிக்கு?"