மூன்று முடிச்சுக் குடம்

கரடியின் தேன் கடைக்கு மேலாளர் வேலை கேட்டு ஓர் அணில் வந்தது. ஏற்கெனவே ஆறு கடைகளில் அதைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

வணிக நிர்வாகப் பட்டச் சான்றிதழை வாங்கிப் பார்த்த கரடி மூக்கைச் சுளித்தது.

"குட்டைக்கரைக் கல்லூரியா? நாங்க ஆலமரக் கல்லூரியில படிச்சவங்களைத்தான் எடுக்கிறோம், தம்பி."

"சரிங்க ஐயா."

அணில் சான்றிதழைக் கசங்காமல் சுருட்டிக்கொண்டு வாசல் வரை போனது. மனசு கேட்காமல் திரும்பியது.

"ஐயா, அந்த மூணு முடிச்சுக் குடம் பின்னால இருக்கு. மூணு வாரத்துத் தேன். அதை முதல்ல விக்கணும், முன்னால வைங்க."

கரடி திடுக்கிட்டது. குடத்துக் கயிற்றில் வாரத்துக்கு ஒரு முடிச்சு போடுவது அதன் நெடுநாள் பழக்கம். கடையில் யாரிடமும் அது சொன்னதில்லை.

"முடிச்சு விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க குரங்கு வாத்தியார் முதல் வருஷமே சொல்லித் தந்துட்டாருங்க."

கரடி அந்தக் குடத்தை எடுத்து முன்வரிசையில் வைத்தது. பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டது:

"வாத்தியார் இன்னும் கரும்பலகையை வாலாலதான் துடைக்கிறாரா?"